வீட்டிலேயே ஹஜ்ஜுப் பெருநாள்

(ஜும்ஆ உரை: 31.07.2020, ஹிஜ்ரி 1441 துல்ஹஜ் பிறை 9)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

மார்ச் 27-ஐயும் சேர்த்து எண்ணினால் இன்று 19-வது வெள்ளிக்கிழமை. கிராம ஊராட்சிகளில் உள்ள சிறிய பள்ளிவாசல்கள் இம்மாதத் தொடக்கத்திலிருந்து திறக்க அனுமதி பெற்றுவிட்டன. நகரத்துப் பள்ளிகளில் இமாமும் மோதினாரும் இன்னும் ஓரிருவருமாகத்தான் ஐவேளை ஜமாஅத் நடக்கிறது. மிம்பரில் நின்று சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பும் நிலையில் அல்லாஹ் நம்மை வைத்திருக்கிறான். படிக்கிற நீங்கள் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். குறிப்பாக, வெள்ளிக்கிழமை என்றால் எல்லோருக்கும் முன்பே வந்து முதல் ஸஃப்பில் உட்கார்ந்து பழகிய பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்த நான்கு மாதங்களில் அதிகம் வாடிப்போனவர்கள் அவர்கள்தாம்.

இன்று நம் நாட்டுப் பிறைக் கணக்கில் அரஃபா நாள். நோன்பு வைத்திருப்பவர்களின் நோன்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. நாளை சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். மறுநாள் ஞாயிறு, தமிழகம் முழுவதும் தளர்வில்லாத முழு ஊரடங்கு. இதை ஒட்டித்தான் இந்த வாரம் முழுவதும் கேள்விகள் வருகின்றன. தொழுகை உண்டா, குர்பானி எப்போது கொடுப்பது என்பவற்றுக்குப் பின்னர் வருகிறேன். அவற்றுக்கு அடியில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. சிலர் வாய்விட்டே கேட்டுவிட்டார்கள்: "நோய்க்குப் பயந்து பள்ளிக்கும் ஈத்காவுக்கும் போகாமல் இருப்பது ஈமானுக்கு அழகா ஹஜ்ரத்?"

ஸர்கில் நடந்த ஆலோசனை

இக்கேள்வி புதியதல்ல. இதைவிடக் கூர்மையாக இதைக் கேட்டவர், சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவரான அபூஉபைதா (ரலி) அவர்கள். கேட்கப்பட்டவர் அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள்.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணப்பட்டு 'ஸர்க்' என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தியோடு படைத்தளபதிகள் எதிரே வந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் தாமாக முடிவெடுக்கவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அங்கும் அப்படியே. மக்கா வெற்றிக் காலத்தில் வந்த குறைஷிப் பெரியவர்களை அழைத்தபோதுதான், மக்களை நோய்க்குள் கொண்டுபோய் விடவேண்டாம், திரும்பிவிடுங்கள் என்று ஒருமித்துச் சொன்னார்கள். நாளைக் காலை திரும்புகிறோம் என்று அறிவிப்புச் செய்யப்பட்டது.

அப்போதுதான் அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். இந்த வார்த்தையை வேறு யாரேனும் சொல்லியிருக்கக் கூடாதா என்று உமர் (ரலி) அவர்கள் வருந்தினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்குத்தான் போகிறோம் என்று பதில் தந்துவிட்டு ஓர் உதாரணமும் சொன்னார்கள். உங்கள் ஒட்டகங்களோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறீர்கள். ஒரு பக்கம் செழித்த புல்வெளி, மறுபக்கம் வறண்ட பொட்டல். செழிப்பில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதி, பொட்டலில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிதானே!

எங்கேயோ வேலையாகச் சென்றிருந்த அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அப்போது வந்து சேர்ந்தார்கள். இதுபற்றி என்னிடம் ஓர் அறிவு இருக்கிறது என்று சொல்லி, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் தப்பி ஓடவும் வேண்டாம் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது.

அன்று அங்கே இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். பத்ரைக் கண்டவர்கள், உஹதில் நின்றவர்கள். மரணத்துக்கு அஞ்சியவர்கள் என்று அவர்களைப் பற்றி நாக்கு கூசாமல் யாரால் சொல்ல முடியும்? அம்வாஸ் என்று வரலாறு பெயரிட்ட அந்தக் கொள்ளைநோயில், ஹிஜ்ரி 18-ல், அபூஉபைதா (ரலி) அவர்களே ஷஹீதானார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் ஷஹீதானார்கள். அதன்பின் பொறுப்புக்கு வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், இந்நோய் நெருப்பைப் போலப் பற்றுகிறது, மலைகளுக்குப் பிரிந்து செல்லுங்கள் என்று மக்களைக் கலைந்துபோகச் சொன்னார்கள். நபித்தோழர் ஒருவரே அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். ஆனாலும் மக்கள் பிரிந்து சென்றார்கள். நோயை அல்லாஹ் நீக்கினான். செய்தி உமர் (ரலி) அவர்களை எட்டியபோது அதை அவர்கள் வெறுக்கவில்லை.

கூட்டம் கூடாதே, விலகி நில் என்று இன்று சுகாதாரத் துறை சொல்வதைக் கேட்கும்போது எனக்கு அம்ர் (ரலி) அவர்களின் அந்த உரைதான் நினைவுக்கு வருகிறது.

"மதுக்கடை திறந்திருக்கிறதே, பள்ளிவாசல் மட்டும் ஏன் மூடியிருக்க வேண்டும்?" என்று நம் வாலிபர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கேட்க வேண்டியவர்களிடம் மனுவாகவும் நேரிலும் நம் பெரியவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு சமுதாயத்தின் தலையிலேயே இந்த நோயின் பழி சுமத்தப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. ஆனால் அரசாங்கத்தின் மீதுள்ள கோபத்தை, சர்க்கரை நோயும் மூச்சிரைப்பும் உள்ள நம் அத்தாவின் நெஞ்சின் மீது தீர்த்துக்கொள்ள முடியுமா? அங்கே கூட்டம் கூடுவதால் இங்கே கூடுவது ஆபத்தில்லாததாக ஆகிவிடாது.

போக முடியாதவர்களின் கூலி

சென்ற ஆண்டு ஏறத்தாழ 25 லட்சம் பேர் ஹஜ் செய்தார்கள். இந்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து ஒருவருக்கும் அனுமதியில்லை. ஸவூதியில் வசிப்பவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர்தாம். இடைவெளி விட்டு அவர்கள் தவாஃப் செய்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்களிலும் பணம் கட்டி, பாஸ்போர்ட் கொடுத்து, இஹ்ராம் துணியும் வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. பணம் திரும்பி வந்துவிடும். ஆசை?

அவர்களுக்காக இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

ஹிஜ்ரி 6-ல் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1400 தோழர்களோடு இஹ்ராம் கட்டி உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். மக்காவின் எல்லை வரை வந்தாயிற்று. ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். குர்பானிப் பிராணிகளை இங்கேயே அறுத்து, தலைமுடி களைந்து, திரும்புங்கள் என்று சொன்னபோது தோழர்களுக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. கஅபாவைக் காணாமல் இஹ்ராமைக் களைவதா என்ற வேதனை. பெருமானார் (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் வந்து உம்மு ஸலமா (ரலி) அன்னையாரிடம் இதைச் சொன்னபோது, யாரிடமும் எதுவும் பேசாமல் வெளியே போய் உங்கள் ஒட்டகத்தை அறுத்து உங்கள் முடியைக் களையுங்கள் என்று அன்னையார் யோசனை சொன்னார்கள். அப்படியே செய்தார்கள். பார்த்ததும் தோழர்கள் எழுந்தார்கள். பெரியவர் ஒருவர் முன்னால் செய்து காட்டினால் வீடே பின்னால் வரும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? நாளை வீட்டில் நீங்கள் முதலில் குளித்து, இருப்பதில் நல்ல ஆடையை உடுத்தி, அத்தர் பூசி, சத்தமாகத் தக்பீர் சொல்லுங்கள். சோர்ந்து படுத்திருக்கும் பிள்ளைகள் தாமாக எழுந்து வருவார்கள்.

இரண்டாவது, தபூக். அந்தப் போரிலிருந்து திரும்பும் வழியில், மதீனாவில் சிலர் இருக்கிறார்கள், நீங்கள் கடந்த எந்தப் பள்ளத்தாக்கிலும் அவர்கள் உங்களோடு இருந்தார்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மதீனாவில் இருந்துகொண்டேயா என்று தோழர்கள் வியந்தார்கள். ஆம், தக்க காரணம் அவர்களைத் தடுத்துவிட்டது என்பது பதில். நோயாளிக்கும் பயணிக்கும், உடல்நலத்தோடு ஊரில் இருந்தபோது வழக்கமாகச் செய்த அமல்களின் நன்மை எழுதப்படுகிறது என்றும் ஒரு நபிமொழி உண்டு. 'வழக்கமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாற்பது ஆண்டுகள் ஈத்காவுக்கு நடந்தவருக்கு இது பெரும் ஆறுதல். எப்போதுமே போகாதவர் இதைத் தமக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாளைத் தொழுகை

நம் மக்களில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் இருப்பதால் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஷாஃபிஈ மத்ஹபில் பெருநாள் தொழுகை வலியுறுத்தப்பட்ட ஸுன்னத். ஜமாஅத்தாகவும் தொழலாம், தனியாகவும் தொழலாம், வீட்டிலும் தொழலாம். கணவர் இமாமாக நிற்க, மனைவி மக்கள் பின்னால் நிற்கலாம். முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து தக்பீர்கள். தனியாகத் தொழுபவருக்குக் குத்பா இல்லை.

ஹனஃபி மத்ஹபில் இது வாஜிப். அதற்கு ஜமாஅத் நிபந்தனை. இமாம் நீங்கலாக மூன்று ஆண்களாவது வேண்டும். வீட்டில் நான்கு ஆண்கள் இருந்து, உங்கள் ஊர் உலமாக்கள் அனுமதித்திருந்தால், கூடுதல் தக்பீர்கள் ஆறோடு தொழுதுகொள்ளுங்கள்: முதல் ரக்அத்தில் ஓதுவதற்கு முன் மூன்று, இரண்டாவதில் ஓதிய பின் ருகூவுக்கு முன் மூன்று. அத்தனை பேர் இல்லையென்றால் லுஹா நேரத்தில் இரண்டோ நான்கோ ரக்அத் நஃபில் தனித்தனியாகத் தொழுங்கள். ஆள் சேர்ப்பதற்காகப் பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடிவீடு என்று அழைத்து மொட்டைமாடியில் இருபது பேரைத் திரட்டாதீர்கள். ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற உத்தரவு இருக்கிறது. அதுவும் போக, மூடிய பள்ளிவாசலுக்கு வெளியே இன்னொரு கூட்டத்தை உண்டாக்கினால் பள்ளியை மூடியதன் பொருள்தான் என்ன?

நோன்புப் பெருநாள் அன்று, ஈத்காவைப் பார்த்தே இராத நம் தாய்மார்கள் பலர் தம் மகன்களின் பின்னால் நின்று பெருநாள் தொழுதார்கள். இந்தக் கஷ்டத்துக்குள் அல்லாஹ் வைத்த ஓர் இன்பம் அது.

எளிதில் விடுபட்டுப் போகும் ஒன்று, தக்பீர் தஷ்ரீக். இன்று சுப்ஹு முதல் வருகிற செவ்வாய் அஸர் வரை 23 தொழுகைகள். பள்ளியில் இமாம் ஸலாம் கொடுத்ததும் ஜமாஅத்தே முழங்கும், மறக்க வாய்ப்பில்லை. வீட்டில் நினைவூட்ட ஆளில்லை. தொழும் இடத்துக்கு எதிரே சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

குர்பானி

குர்பானி கடமையானவர் அதற்குப் பகரமாகப் பணத்தைத் தர்மம் செய்துவிட்டால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். குர்பானி நாட்கள் இருக்கும்போது, ஹனஃபி மத்ஹபில் வாஜிபானவருக்கு அது போதாது, அறுத்தாக வேண்டும். ஆனால் நம் கையால்தான், நம் வாசலில்தான் என்பது கட்டாயமில்லை. இறுதி ஹஜ்ஜில் பெருமானார் (ஸல்) அவர்கள் 63 ஒட்டகங்களைத் தம் கரத்தால் அறுத்துவிட்டு, நூறில் எஞ்சியவற்றை அறுக்கும் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். நம்பிக்கையான ஒருவரிடம், கூட்டுக் குர்பானி நடத்தும் மதரஸாவிடம், நோய் குறைந்த ஊரில் உள்ள சொந்தக்காரரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருங்கள். முறையாக வக்கீலாக்கினால் குர்பானி நிறைவேறிவிடும்.

நேரத்தைக் கவனியுங்கள். நகரத்தில் ஓரிடத்திலாவது பெருநாள் தொழுகை முடிந்த பின்பே ஹனஃபிகள் அறுக்க வேண்டும். எங்குமே நடைபெறவில்லை என்றால் நண்பகல் சாய்ந்த பிறகு அறுக்கலாம். ஷாஃபிஈகள் சூரியன் உதித்து, இரண்டு ரக்அத்தும் இரண்டு சிறு குத்பாக்களும் முடியும் அளவு நேரம் கடந்த பின் அறுக்கலாம். நாளைக்கே எல்லோரும் முண்டியடிக்க வேண்டாம். ஞாயிறு ஊரடங்கு; அன்று கறிக்காரரும் வர முடியாது, இறைச்சியைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது. திங்கள் மஃரிப் வரை ஹனஃபிகளுக்கும், செவ்வாய் மஃரிப் வரை ஷாஃபிஈகளுக்கும் நேரம் இருக்கிறது. திங்களன்று கொடுத்தால் நன்மை குறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர், முதல் நாளின் சிறப்பைவிட ஒரு தெருவின் பாதுகாப்பை எடை போட்டுப் பார்க்கட்டும்.

வழக்கமாக இறைச்சிக்கு வாசலில் வரிசை நிற்கும். இந்த முறை அது வேண்டாம். மஹல்லாவில் யாருக்கு இல்லை என்பது ஜமாஅத்துக்குத் தெரியும். நான்கு வாலிபர்கள் முகக்கவசம் அணிந்து, பொட்டலத்தை அந்தந்த வீட்டு வாசலில் வைத்து, கதவைத் தட்டி, தள்ளி நின்று ஸலாம் சொல்லிவிட்டு வரட்டும். கை நீட்டி நிற்கும் சங்கடமும் ஏழைக்கு மிச்சம். இந்த ஏற்பாடு நோய் போன பிறகும் தொடர்ந்தால் நல்லது என்றே நினைக்கிறேன். இரத்தமும் கழிவும் தெருச் சாக்கடையில் ஓடாமல் குழி தோண்டிப் புதைப்பது எந்த ஆண்டும் உள்ள கடமை. இந்த ஆண்டு அக்கம்பக்கத்தாரின் கண் கூடுதலாக நம் மீது இருக்கும்.

இன்னொன்று. என் வகுப்பாரைப் பற்றி நானே எழுதுவது கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வசூல் நின்று நான்கு மாதமாகிறது. மக்தப் மதரஸாக்கள் மூடியிருக்கின்றன. குர்பானித் தோலின் விலையோ சில ஆண்டுகளாகவே விழுந்து கிடக்கிறது. சம்பளம் பாதியாகவும், அதுவும் இல்லாமலும் இருக்கிற உஸ்தாதுகளும் மோதினார்களும் உண்டு. அவர்கள் கேட்க மாட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு அலிஃப் பா சொல்லிக்கொடுத்தவர் நாளை என்ன சமைக்கிறார் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

வருகிறவர்களும் போகிறவர்களும்

சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெருநாளுக்கு ஊர் வரத் துடிப்பது இயல்பு. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். திருமணம், மரணம், மருத்துவம் போன்ற காரணங்களுக்குத்தான் கிடைக்கிறது. இதற்காக உயிரோடு இருக்கும் பாட்டியை மவ்த்தாக்கி விண்ணப்பிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பொய் சொல்லி வாங்கிய அனுமதியில் பயணம் செய்து, ஒருவேளை நோயையும் சுமந்து வந்து, அதே பாட்டியின் கையை முத்தமிடுவதா? பொய் ஹராம், பிறருக்கு இடர் விளைவிப்பதும் ஹராம். நோயுள்ள ஒட்டகத்தை நலமான ஒட்டகங்களிடம் ஓட்டி வராதீர்கள் என்று கால்நடைகளுக்கே எச்சரிக்கை செய்த மார்க்கம் இது.

வர வேண்டாம் என்று மகனிடம் சொல்வது தாய்க்குக் கடினம். ஆனாலும் அம்மா, நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் போனில் அழுதால் அவன் எப்படியாவது வந்துவிடுவான்.

ஏற்கெனவே வந்துவிட்டவர் காய்ச்சலையும் இருமலையும் மறைக்காதீர்கள். தெருவை அடைத்துவிடுவார்கள், ஊர் பேசும் என்ற அச்சத்தில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்து, மூச்சு முட்டிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கும் சொல்கிறேன்: நோய் வந்தவர் குற்றவாளியல்ல. அந்த வீட்டுக்கு அடைப்பு போட்டவுடன் அவர்களுக்குப் பால், மருந்து, குர்பானி இறைச்சி போய்ச் சேர வழி செய்வது அடுத்த வீட்டாரின் கடமை.

கைகுலுக்காமலும் கட்டித் தழுவாமலும் என்ன பெருநாள் என்பார்கள். தாயிஃபிலிருந்து ஸகீஃப் கூட்டத்தார் பைஅத் செய்ய வந்தபோது அவர்களில் ஒரு தொழுநோயாளி இருந்தார். உம்முடைய பைஅத்தை ஏற்றுக்கொண்டோம், திரும்பிச் செல்லலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லி அனுப்பியதை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இஸ்லாத்தின் பைஅத்தே கையில் கை வைக்காமல் நிறைவேறியிருக்கும்போது, பெருநாள் வாழ்த்தா நிறைவேறாது? வாயால் ஸலாம் சொல்லுங்கள், துஆச் செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு நாளை நேரம் நிறைய இருக்கும். கத்தியின் கதையை, இஸ்மாயீல் (அலை) அவர்களின் கதையை, எல்லோரும் சொல்வோம். அதற்கு முந்திய கதையையும் சொல்லுங்கள். புல்லும் நீரும் இல்லாத ஓடையில் ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோல்பை தண்ணீருமாகக் கைக்குழந்தையோடு விடப்பட்ட ஹாஜர் (அலை) அன்னையார், திரும்பிப் பாராமல் நடக்கும் கணவரின் பின்னாலேயே போய்க் கேட்டார்கள். பதிலில்லை. இது அல்லாஹ்வின் கட்டளையா என்று கடைசியில் கேட்டார்கள். ஆம் என்றார்கள் இப்ராஹீம் (அலை) அவர்கள். அப்படியானால் அவன் நம்மைக் கைவிட மாட்டான் என்று சொல்லிவிட்டு அன்னையார் திரும்பினார்கள். பக்கத்து வீடில்லை, ஊரில்லை, தொழுகைக்கு ஒரு ஜமாஅத் இல்லை. பல லட்சம் பேர் ஸஃபா மர்வாவில் ஓடுவது அந்தத் தனிமையில் ஒரு தாய் தண்ணீர் தேடி ஓடிய ஓட்டத்தைத்தான். இதைச் சொல்லும்போது அவர்கள் ஓட்டத்தையும் சொல்லுங்கள். கைவிட மாட்டான் என்று நம்பியவர்கள் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை.

இந்த நோயில் மவ்த்தானவர்களின் வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன. முகம் பார்க்க முடியவில்லை, நாலு பேர்தான் கபுருஸ்தானுக்குப் போனார்கள், ஊரே கூடித் தொழவைக்க வேண்டியவரைத் துணிப்பையில் சுற்றி அடக்கினோம் என்று அவர்கள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறார்கள். கொள்ளைநோயில் இறக்கும் முஸ்லிம் ஷஹீத் என்ற நபிமொழியை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். நாளை காலை தொழுது முடித்ததும் உறவினர்களுக்கெல்லாம் போன் செய்வீர்கள் அல்லவா, முதல் போன் அந்த வீட்டுக்குப் போகட்டும். பெருநாள் வாழ்த்துச் சொல்ல நா வராவிட்டால் ஸலாம் மட்டும் சொல்லி, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.

யா அல்லாஹ்! அவர்களின் கப்ருகளை விசாலமாக்குவாயாக. நோயில் கிடப்பவர்களுக்கு மூச்சை இலேசாக்குவாயாக. அடைத்திருக்கும் எங்கள் பள்ளிவாசல்களின் கதவுகளைத் திறந்து தருவாயாக. ஆமீன்.